உப்பு முப்பத்தைந்து கிலோ

அந்தக் கோழிப் பண்ணைக்கு வேலைக்குப் போனபோது எனக்கு இருபத்தொன்பது வயது. வேலைக்குப் போனேன் என்று சொன்னாலும் நான் பண்ணையின் ஆள் இல்லை. சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஒரு மாடியில் நாலு அறைகளை வைத்துக்கொண்டு நடந்த ஒரு கம்பெனி, கம்ப்யூட்டர் படித்த என்னைப் போன்றவர்களை ஒப்பந்தத்தில் எடுத்து, கேட்கிற இடத்துக்கு அனுப்பிவைக்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பார்கள். புதுப்பிக்கப் போகிறார்களா இல்லையா என்று கடைசி நாள் வரை வாயைத் திறக்க மாட்டார்கள். அந்தக் கடைசி வாரத்தில் போனைக் கையிலிருந்து கீழே வைக்கவே மாட்டேன். எனக்கு முன்னால் அதே பண்ணையில் இருந்த பையனை ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் போனில் கூப்பிட்டு, நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார்களாம். சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டைக்கூட அவன் கழுவாமல் போய்விட்டான் என்று பண்ணையில் சொன்னார்கள்.

பண்ணை சேந்தமங்கலத்தைத் தாண்டி, கொல்லிமலை அடிவாரத்தில் இருந்தது. நாமகிரிப்பேட்டையில் எங்கள் வீட்டிலிருந்து பேளுக்குறிச்சி வழியாக ஸ்கூட்டரில் போவேன். முட்டைக் கோழிகளுக்குப் பத்து ஷெட், குஞ்சுகளுக்குத் தள்ளி ஒரு ஷெட், எல்லாவற்றுக்கும் தீவனம் அரைத்துக் கலக்கும் மில் ஒன்று. ஷெட்டுக்கு ஒன்று, மில்லுக்கு ஒன்று என்று பன்னிரண்டு டேப்லெட்; பண்ணையில் எல்லாரும் டேப் என்பார்கள். அவற்றில் ஓடும் ஆப்பை ஆட்களுக்குப் பழக்கிவிடுவதும், பழுது வந்தால் பார்ப்பதும், வேலை வேகமாக நடப்பதற்கு ஆப்பில் என்ன மாற்றம் வேண்டும் என்று பார்த்துச் செய்வதும் என் பொறுப்பு.

முதலாளி ஐம்பதைத் தாண்டியவர். அதிகம் பேச மாட்டார். முதல் நாள் என்னை உட்காரவைத்துச் சொன்னது நினைவிருக்கிறது.

“நோட்டுல எழுதறது எங்கைக்கு வாரதுக்கு ரண்டு நாளாகுது அம்மிணி. கோழி செத்து ரண்டு நாள் கழிச்சு எனக்குத் தெரிஞ்சு என்னத்தப் பண்றது? இந்த நிமிசம் எந்த ஷெட்டுல என்ன நடக்குதுன்னு எனக்குப் போன்ல தெரியோணும். அதே மாதிரி மில்லுல வேலை இன்னும் வெரசா ஓடோணும். அவ்வளவுதான்.”

இரண்டையும் செய்து கொடுத்தேன். முட்டை எத்தனை, செத்தது எத்தனை, குடித்த தண்ணீர் எவ்வளவு என்று ஷெட்டில் இருப்பவர்கள் டேப்பில் தட்டியவுடன் முதலாளியின் போனில் வந்துவிடும். வழக்கத்துக்கு மாறாக எது இருந்தாலும் சிவப்பாகக் காட்டும்; தவறாகத் தட்டியதைத் திருத்துவதற்காக அந்தச் சிவப்பு மட்டும் முதலில் எனக்கு வந்து, அரை மணி கழித்து முதலாளிக்குப் போகும்.

மில்லில்தான் நான் அதிகம் மெனக்கெட்டேன். அங்கே கலவை போடுகிறவருக்கு நாற்பத்தெட்டு வயது இருக்கும். இருபது வருடமாக அந்த மிக்சர் மெஷினோடு இருந்தவர். முன்பெல்லாம் பண்ணை டாக்டர் போனில் சொல்லும் கணக்கைச் சுண்ணக்கட்டியால் ஒரு பலகையில் எழுதி வைப்பார்கள். ஒரு டன்னுக்கு மக்காச்சோளம் இவ்வளவு, சோயா இவ்வளவு, தவிடு இவ்வளவு, உப்பு இவ்வளவு என்று. அவர் பலகையைப் பார்த்து எடை போட்டுக் கொட்டுவார். பலகையும் டேப்பும் சேர்ந்து இருந்தால் எல்லாரும் பலகையைத்தான் பார்ப்பார்கள் என்று முதலாளியிடம் சொல்லிப் பலகையைக் கழற்ற வைத்தவள் நான்.

ஆப்பில் முதலில் ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனியே எடை வரும். கொட்டியபின் ஒவ்வொரு முறையும் தட்ட வேண்டும். மாவு படிந்த விரலால் தட்டினால் டேப் கேட்காது. நேரம் போனது. அதனால் முழுப் பட்டியலையும் ஒரே திரையில் காட்டி, கடைசியில் ‘முடிந்தது’ என்று ஒரே ஒரு பொத்தான் வைத்தேன். அந்த வாரமே நாளுக்கு இரண்டு டன் கூடுதலாகக் கலக்க முடிந்தது. முதலாளி சேலத்துக்கு போன் போட்டு என்னைப் பாராட்டினார். ஒரு பேட்ச் எப்போது முடிந்தது, யார் முடித்தார் என்பது மட்டும்தான் இப்போது பதிவாகும். அந்த நேரத்தில் திரையில் என்ன எடை இருந்தது என்பது எங்கும் நிற்காது. அதைப் பற்றி அப்போது நான் யோசிக்கவில்லை.

பட்டியலில் உள்ளதைக் கலவைக்காரர் மாற்றினால் அதுவும் சிவப்பாக முதலாளிக்குப் போகும். ஒருமுறை மக்காச்சோளம் ஈரமாக வந்தது என்று அவர் தவிட்டைக் கொஞ்சம் கூட்டிப் போட்டார். போட்டதை ஒளிக்காமல் டேப்பிலும் பதிந்தார். முதலாளி மில்லுக்கே வந்து, லோடு இறக்குகிறவர்கள் எல்லாரும் பார்க்க, “டாக்டருக்கு மேல உனக்குத் தெரியுமா?” என்று கேட்டார். அவர் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அதற்குப் பிறகு அவர் ஒரு கிலோவைக்கூட மாற்றியதில்லை.

என் ஒப்பந்தம் முடியவிருந்த வாரத்தின் திங்கட்கிழமை சேலத்திலிருந்து ஆப்பின் புதுப் பதிப்பு வந்தது. மதியத்துக்குள் பன்னிரண்டு டேப்பிலும் ஏற்றிவிட வேண்டும் என்று எங்கள் கம்பெனி மேலாளர் காலையிலிருந்து விரட்டினார். ஏற்றினேன். முட்டைக் கோழித் தீவனத்தின் பட்டியலைத் திறந்து பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தது. குஞ்சுத் தீவனத்தின் பட்டியலைத் திறக்கவில்லை. ஒன்று சரியாக இருந்தால் மற்றதும் சரியாகத்தான் இருக்கும் என்று எண்ணினேன்.

பதினொரு மணி இருக்கும். மேலாளரோடு போனில் பேசிக்கொண்டிருந்தேன். இந்த மாதம் பண்ணையிலிருந்து புகார் ஏதும் வந்ததா, முதலாளி என்னைப் பற்றி என்ன நினைக்கிறார் என்று அவர் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் கேட்ட விதத்திலேயே என் ஒப்பந்தம் ஊசலாடுகிறது என்று தெரிந்தது. கலவைக்காரர் ஆபீஸ் வாசலில் வந்து நின்றார். புருவமெல்லாம் மாவு.

“ஏனுங் மேடம், குஞ்சுத் தீவனத்துக்கு உப்பு முப்பத்தஞ்சுன்னு காட்டுதுங்க. சரிதானுங்களா? ஒருக்கா வந்து பாக்கறீங்களா?”

போனைக் கையால் மூடிக்கொண்டு, அவர் முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்காமல் சொன்னேன்: “டேப்ல என்ன இருக்கோ அதப் போடுங்கண்ணா. அதுக்குத்தானே வச்சிருக்கு.”

அவர் ஒரு நிமிடம் நின்றார். “இல்லீங்க, எப்பவும்…” என்று ஏதோ ஆரம்பித்தார். நான் போனைக் காட்டினேன். போய்விட்டார்.

குஞ்சுத் தீவனத்துக்கு ஒரு டன்னுக்கு மூன்றரைக் கிலோ உப்பு என்பது எனக்கும் தெரியும். நானே எத்தனையோ முறை பட்டியலில் தட்டியிருக்கிறேன். ஆனால் அவர் சொன்ன ‘முப்பத்தஞ்சு’ என் காதில் விழுந்ததே தவிர மண்டைக்குள் போகவில்லை. மேலாளர் அடுத்து என்ன சொல்வாரோ என்பதில்தான் என் புத்தி இருந்தது.

புதன்கிழமை காலை குஞ்சு ஷெட்டிலிருந்து சிவப்பு வந்தது. குடித்த தண்ணீர் வழக்கத்தைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். முதலாளி அன்று ஒரு திருமணத்துக்காகத் திருச்செங்கோடு போயிருந்தார். அந்த ஷெட்டில் இருந்த அக்கா டேப்புக்குப் புதியவர். எண்ணைத் தவறாகத் தட்டியிருப்பார் என்று நினைத்து அவருக்கு போன் செய்தேன்.

“அக்கா, ஒரு சைபரச் சேத்துப் போட்டுட்டீங்களா?”

“இல்ல சாமி. மீட்டர்ல என்ன இருந்துச்சோ அதத்தான் போட்டேன். குஞ்செல்லாம் தண்ணிக் குழாயடியவே மொய்ச்சுக்கிட்டு நிக்குது. கீழயும் ஒரே ஈரமாக் கெடக்குது.”

“வெயில் எச்சா இருக்குதில்லக்கா. அதனால இருக்கும்.”

சொல்லிவிட்டுச் சிவப்பை நானே அழித்தேன். முதலாளி திருமண வீட்டில் இருக்கும்போது போனில் சிவப்பு அடித்து, அது ஒன்றுமில்லை என்று பிறகு தெரிந்தால், புது ஆப் சரியில்லை என்று சொல்வாரே என்ற பயம். அந்த வாரத்தில் நான் செய்த ஒவ்வொன்றுக்கும் பின்னால் இதே பயம்தான் இருந்தது.

வியாழக்கிழமை காலை கேட்டைத் தாண்டும்போதே ஏதோ சரியில்லை என்று தெரிந்தது. வண்டிச் சக்கரத்துக்கு மருந்து தெளிக்கிறவர் வழக்கமாக வணக்கம் சொல்வார். அன்று என்னை நிறுத்தி, செருப்பைக் கழற்றச் சொல்லி, காலுக்கும் மருந்து அடித்தார்.

“குஞ்சு சாவுதுங்க,” என்றார். “காலைலருந்து கூடை கூடையா எடுக்கறாங்க.”

எங்கள் பக்கத்தில் இந்த வார்த்தைக்கு இருக்கிற அர்த்தமே வேறு. ஒரு பண்ணையில் குஞ்சுகள் இப்படிக் கொத்தாகச் செத்தால் முதலில் மனதில் வருவது பறவைக் காய்ச்சல்தான். அது வந்துவிட்டால் அந்தப் பண்ணையோடு நிற்காது. சுற்றியுள்ள எல்லாப் பண்ணைகளிலும் உள்ள கோழிகளையும் கொன்று புதைக்க வேண்டியிருக்கும். மில்லில் லோடு இறக்குவது நின்றிருந்தது. முட்டை லாரி ஒன்று கேட்டுக்கு வெளியே நிறுத்தப்பட்டிருந்தது. ஆட்கள் அங்கங்கே நின்று மெல்லிய குரலில் பேசினார்கள். யாரும் யார் பக்கத்திலும் போகவில்லை. காய்ச்சலாக இருக்கக் கூடாதே என்று நானும்தான் வேண்டிக்கொண்டேன்.

குஞ்சு ஷெட் வாசலில் டாக்டர் குந்தியிருந்தார். முன்னால் நாலைந்து குஞ்சுகளைக் கிழித்து வைத்திருந்தார். அந்த அக்கா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். முதலாளியின் முகம் வெளுத்திருந்தது. கலவைக்காரரும் அங்கேதான் இருந்தார்.

“வயிறெல்லாம் தண்ணி கோத்திருக்குதுங்க,” என்றார் டாக்டர். “காய்ச்சல் மாதிரி எனக்குத் தோணல. தீவனத்தக் கொஞ்சம் கொண்டாங்க.”

அக்கா உள்ளே போய் ஒரு கை அள்ளிக்கொண்டு வந்தார். டாக்டர் அதை முகர்ந்து பார்த்தார். விரலால் கிளறினார். பிறகு ஒரு சிட்டிகையை எடுத்து நாக்கில் வைத்தார். உடனே துப்பினார். தண்ணீர் வாங்கி வாயைக் கொப்பளித்துவிட்டு முதலாளியைப் பார்த்தார்.

“உப்புங்க. வெறும் உப்பு. மொதல்ல இந்தத் தீவனத்த எல்லாம் அள்ளி வெளிய கொட்டச் சொல்லுங்க.”

திங்கட்கிழமை ஆபீஸ் வாசலில் வந்து நின்ற கலவைக்காரரின் மாவு படிந்த புருவம் அந்த நொடியில் என் கண் முன்னால் வந்தது. முப்பத்தஞ்சு. “ஆபீஸ்ல பாத்துட்டு வாரேனுங்க,” என்று யாரிடம் சொன்னேன் என்றே தெரியாமல் சொல்லிவிட்டு ஓடினேன்.

கம்ப்யூட்டரைத் திறந்து குஞ்சுத் தீவனப் பட்டியலை எடுத்தேன். உப்பு: 35. புதுப் பதிப்பு ஏறியபோது எண்களில் இருந்த புள்ளியை அது விழுங்கிவிட்டிருந்தது. மற்ற எல்லாப் பொருளும் முழு எண்கள். முட்டைக் கோழித் தீவனத்தில் உப்பு சரியாக நாலு கிலோ. பண்ணையின் எல்லாப் பட்டியல்களிலும் புள்ளி வைத்து எழுதிய எண் அந்தக் குஞ்சு உப்பு ஒன்றுதான்.

என் விரல்கள் தாமாகவே அதை 3.5 என்று மாற்றிச் சேமித்துவிட்டன. அடுத்த பேட்ச் கலந்துவிடக் கூடாது என்றுதான் மாற்றினேன். இதை நான் எத்தனையோ முறை எனக்குள் சொல்லிக்கொண்டிருக்கிறேன், அது உண்மையும்தான். ஆனால் யாரும் பார்ப்பதற்குள் மாற்றிவிட வேண்டும் என்ற எண்ணமும் கூடவே இருந்தது. எது முன்னால் வந்தது என்று என்னால் இன்றைக்கும் சொல்ல முடியவில்லை.

மேலாளருக்கு போன் செய்தேன். நடந்ததைத் திக்கித் திக்கிச் சொன்னேன்.

“இப்ப சரி பண்ணிட்டீங்களா?”

“பண்ணிட்டேன் சார்.”

“அப்ப விடுங்க. இப்ப டேப்ல சரியாத்தானே இருக்கு? ஆப்பரேட்டர் தப்பாப் போட்டிருக்காரு, அவ்வளவுதான். நீங்களா எதுவும் சொல்லிக்காதீங்க. இது மட்டும் வெளிய வந்துச்சுன்னா நம்ம மத்த கிளையன்ட் அத்தனை பேரும் போயிடுவாங்க. உங்க வேலையும் சேத்துத்தான் சொல்றேன். புரியுதா?”

புரிந்தது. போனை வைக்கும்போதே முதலாளி மில்லிலிருந்து என்னைக் கூப்பிடும் குரல் கேட்டது.

மில்லில் எல்லாரும் மிக்சரைச் சுற்றி நின்றார்கள். முதலாளி டேப்பைக் கையில் எடுத்துக் குஞ்சுத் தீவனப் பட்டியலைத் திறந்திருந்தார். அதில் இப்போது மூன்றரை என்று இருந்தது. அவர் டேப்பைக் கலவைக்காரரின் முகத்துக்கு முன்னால் நீட்டினார்.

“இதுல என்ன போட்டிருக்குது? படி.”

அவர் பார்த்தார். கண்ணைச் சுருக்கிக்கொண்டு, கொஞ்சம் தள்ளி வைத்து மறுபடியும் பார்த்தார். “மூணு புள்ளி அஞ்சுங்க.”

“நீ எவ்வளவு போட்ட?”

“முப்பத்தஞ்சு போட்டனுங்க. ரண்டு பேட்சுக்கும். எனக்கு முப்பத்தஞ்சுன்னுதானுங்க தெரிஞ்சுது.” என் பக்கம் கையைக் காட்டினார். “நான் மேடத்துகிட்டக் கேட்டனுங்களே.”

முதலாளி என் பக்கம் திரும்பினார். அவரோடு டாக்டரும், லோடு இறக்குகிறவர்களும், குஞ்சு ஷெட் அக்காவும் திரும்பினார்கள்.

“கேட்டானா அம்மிணி?”

கேட்டார் என்று சொன்னால் அடுத்த கேள்வி என்ன, அதற்கு அடுத்தது என்ன என்று ஒரு நொடிக்குள் கடைசி வரை ஓடிப்போய்ப் பார்த்துவிட்டேன். வீட்டில் அப்பாவுக்கு நூல் மில் வேலை நின்று எட்டு மாதமாகியிருந்தது. என் ஒருத்தி சம்பளம்தான்.

“ஞாபகம் இல்லீங்க,” என்றேன். “போன்ல இருந்தேன்.”

கலவைக்காரர் என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். அவர் என்னை நம்பியவராகப் பார்த்தார். எனக்கு ஞாபகம் இல்லை என்றால் கேட்டதுகூடத் தன் மனப்பிரமையோ என்று அவர் தேடுவது முகத்தில் தெரிந்தது. திரும்பவும் டேப்பை வாங்கிப் பார்த்தார். துண்டால் திரையைத் துடைத்துவிட்டுப் பார்த்தார்.

“நாந்தான் சரியாப் பாக்கலியோ என்னமோங்க,” என்றார். “மாவு படிஞ்சிருந்திருக்கும். புள்ளி தெரியல போலீங்க.”

“இருபது வருசமாக் கலக்கற. முப்பத்தஞ்சு கிலோ உப்ப மூட்டையோட தூக்கிக் கொட்டறப்ப உனக்குத் தோணல?”

தோன்றித்தான் அவர் என்னிடம் வந்து கேட்டார். அதைச் சொல்ல வேண்டியவள் நான். முதலாளி அவரை வீட்டுக்குப் போகச் சொன்னார். திரும்பி வா என்றோ வர வேண்டாம் என்றோ சொல்லவில்லை. அவர் மில்லின் சாவியை டேப்புக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, டிஃபன் டப்பாவை எடுத்துக்கொண்டு நடந்தார். கேட்டுக்கு வெளியே போய்த்தான் செருப்பைப் போட்டார்.

அன்று சாயங்காலம் வரை குஞ்சு ஷெட்டில் தீவனத்தை அள்ளிக் கொட்டுகிற வேலை நடந்தது. நானும் போய் அள்ளினேன். யாரும் என்னைக் கூப்பிடவில்லை. சும்மா ஆபீஸில் உட்கார்ந்திருக்க முடியவில்லை. குஞ்சுகள் கால் தள்ளாடி ஒன்றின்மேல் ஒன்று விழுந்து கிடந்தன. சில நின்றபடியே கண்ணை மூடித் திறந்தன. அந்த அக்கா ஒவ்வொன்றாகத் தூக்கிக் குழாய்க்குப் பக்கத்தில் விட்டுக்கொண்டே வந்தார்.

“உங்கிட்டச் சொன்னனே சாமி,” என்றார், குற்றம் சொல்லும் குரலில் இல்லை, வருத்தமாக. “தண்ணி எச்சாக் குடிக்குதுன்னு. அப்பவே நீ முதலாளிகிட்டச் சொல்லியிருந்தீன்னா பாதி பொழச்சிருக்கும்.”

அவருக்கு நான் சிவப்பை அழித்தது தெரியாது. மறந்துவிட்டேன் என்று நினைத்திருந்தார். ஆமாக்கா என்றேன். இன்னும் எத்தனை பேரிடம் என்னென்ன மறைக்க வேண்டியிருக்கும் என்று எண்ணிப் பார்த்தேன். தண்ணீர்ச் சிவப்பு, புள்ளி, அவர் வாசலில் வந்து கேட்டது. ஒன்றை யாராவது பிடித்து இழுத்தால் மற்றது கூடவே வந்துவிடும். பட்டியலை யார் எப்போது மாற்றினார்கள் என்பது எங்கள் சேலம் ஆபீஸின் கம்ப்யூட்டரில் பதிவாகியிருக்கும். மேலாளர் அதை அழித்திருப்பாரா? அழிக்காமல் பின்னால் என்மேல் போடுவதற்கு வைத்திருப்பாரா? பேளுக்குறிச்சி வழியாகத் திரும்பும்போது எதிரே வந்த டிராக்டரை நான் பார்க்கவில்லை. அதை ஓட்டி வந்தவர்தான் ஒதுங்கி, கையை ஆட்டித் திட்டிவிட்டுப் போனார்.

வீட்டில் எதுவும் சொல்லவில்லை. அம்மா தட்டு வைத்ததும் சாப்பிட்டேன். குழம்பில் உப்பு குறைவா என்று அம்மா கேட்டபோது எழுந்துபோய்க் கை கழுவிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை நான் போனபோது கலவைக்காரர் ஆபீஸுக்குள் முதலாளிக்கு எதிரே நின்றுகொண்டிருந்தார். வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். மில்லில் அவரை அந்த மாதிரி நான் பார்த்ததே இல்லை. முகத்தில் ஒரு புதுக் கண்ணாடி இருந்தது.

“நேத்தே நாமக்கல் போய்க் கண்ணச் சோதிச்சுட்டனுங்க,” என்று முதலாளியிடம் சொல்லிக்கொண்டிருந்தார். “கிட்டப் பாக்கறதுல கோளாறு இருக்குதுன்னுட்டாங்க. இத்தன நாளாப் போடாமயே இருந்திருக்கறேன். அதனாலதானுங்க புள்ளி தெரியல. எந்தப்புத்தானுங்க. இனிமே கண்ணாடி போட்டுக்கிட்டே பாத்துப் போடறனுங்க. ஒருக்கா மன்னிச்சு…”

ஐம்பதை நெருங்குகிற யாருடைய கண்ணைச் சோதித்தாலும் கிட்டப் பார்வைக்குக் கண்ணாடி எழுதித்தான் கொடுப்பார்கள். அவருக்கு அது தெரியவில்லை. தான் கேட்டதையே மறந்து, தன் கண்ணைத் தானே சந்தேகித்து, அதற்கு அத்தாட்சியும் வாங்கிக்கொண்டு வந்து நிற்கிறார். முதலாளி அந்தக் கண் டாக்டரின் சீட்டை வாங்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மன்னித்துவிடுவார் என்று தெரிந்தது. நான் வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும். எல்லாம் முடிந்துவிடும். கலவைக்காரருக்கு வேலை திரும்பக் கிடைக்கும், எனக்கு வேலை போகாது. அந்த நொடியில் எனக்கு வந்த பயம் அதுவரை இருந்ததைப்போல் இல்லை. இது இப்படியே முடிந்துவிடுமே என்று பயந்தேன்.

“கண்ணுல ஒண்ணும் இல்லீங்க,” என்றேன். என் குரல் யாருடையதோபோல் இருந்தது. “டேப்ல முப்பத்தஞ்சுன்னுதான் இருந்துச்சு. திங்கட்கிழமை நான் ஏத்தின ஆப்ல தப்பு. அண்ணன் என்கிட்ட வந்து கேட்டாரு. டேப்ல இருக்கறதயே போடுங்கன்னு நாந்தான் சொன்னேன். நேத்து நீங்க பாக்கறதுக்கு முன்னால நான் அத மாத்திட்டேன். புதன்கிழமை தண்ணிக்குச் சிவப்பு வந்துச்சு. அதயும் நாந்தான் அழிச்சேன்.”

ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். நிறுத்தியிருந்தால் மிச்சத்தைச் சொல்லியிருக்க மாட்டேன்.

முதலாளி சீட்டை மேசைமேல் வைத்தார். “நேத்து கேட்டனே. ஞாபகம் இல்லன்னு சொன்ன.”

“பயமா இருந்துச்சுங்க.”

“எதுக்குப் பயம்? நானென்ன உன்னயக் கடிச்சுத் திங்கப் போறனா?”

என் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. அழுது தப்பிக்கப் பார்க்கிறாள் என்று நினைத்துவிடுவார்களோ என்று அதற்கும் பயந்து, முழங்கையால் துடைத்துக்கொண்டேன்.

கலவைக்காரர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்தார். அவர் ஏதாவது சொல்ல வேண்டும் என்று காத்திருந்தேன். பரவாயில்லை மேடம் என்று சொல்லிவிடுவார் என்றுகூட உள்ளுக்குள் எதிர்பார்த்தேன்.

“எங்கூட்டுக்காரி நேத்திருந்து சோறு திங்கல மேடம்,” என்றார். “அத்தன உசுரக் கொன்னுபோட்டியேன்னு எம்மூஞ்சியப் பாக்காம உக்காந்திருக்குது. எம்பொண்ணு, அப்பனுக்குக் கண்ணு தெரியலியான்னு ரண்டு கையையும் மூஞ்சிக்கு முன்னால ஆட்டி ஆட்டிப் பாக்குது.” மேசைமேலிருந்த சீட்டை எடுத்து மடித்தார். “நீங்க சொல்லியிருக்கலாமுங்க.”

அவ்வளவுதான் சொன்னார். முதலாளி எடுத்து நீட்டிய மில் சாவியை வாங்கிக்கொண்டு வெளியே போனார். அந்த வெள்ளைச் சட்டையோடேயே வேலையைத் தொடங்கினார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

முதலாளி அன்று என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். சேலத்துக்கு போன் போட்டு மேலாளரிடம் நான் சொன்னதை அப்படியே சொன்னார். போனில் அந்தப் பக்கம் அவர் மறுப்பதும், பிறகு எல்லாம் என் தவறு என்று சொல்வதும் எனக்குக் கேட்டது. மதியத்துக்குள் என் ஒப்பந்தம் முடிந்தது என்று செய்தி வந்தது. நான் எழுந்தபோது முதலாளி, “உக்காரு,” என்றார். “போறதுக்கு முன்னால ஒண்ணு பண்ணிக் குடுத்துட்டுப் போ. அவனுக்குச் சந்தேகம் வந்தா மெசின் நிக்கோணும். எனக்கு நேரா போன் அடிக்கோணும். உனக்கில்ல, எனக்கு.”

அது ஒரு மணி நேர வேலை. முதல் நாளே செய்திருக்கலாம். பொத்தானில் என்ன எழுதுவது என்று மில்லுக்குப் போய்க் கலவைக்காரரிடம் கேட்டேன். அவர் மிக்சருக்குள் மூட்டையைச் சரித்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல், “‘இது சரியில்ல’ன்னு போடுங்க,” என்றார். போட்டேன். ஒவ்வொரு பேட்சுக்கும் திரையில் காட்டிய எடை அப்படியே பதிவில் நிற்கும்படியும் செய்தேன். அதனால் வேலை கொஞ்சம் மெதுவாகும் என்று முதலாளியிடம் சொன்னேன். ஆகட்டும் என்றார்.

குஞ்சு ஷெட்டில் மூன்றில் ஒரு பங்கு செத்தது. மற்றவை தேறின என்று அந்த அக்கா ஒரு வாரம் கழித்து போனில் சொன்னார். அவர் ஏன் எனக்கு போன் செய்தார் என்று தெரியவில்லை. நான் கேட்கவில்லை. “நல்லாருக்குதுங்க எல்லாம், வைக்கட்டுங்களா,” என்று வைத்துவிட்டார். அதுவரை என்னைச் சாமி என்றவர் ‘ங்க’ போட்டுப் பேசியதைப் போன் வைத்த பிறகுதான் கவனித்தேன்.

இரண்டு மாதம் வேலை இல்லாமல் இருந்தேன். அப்பா என்ன ஆயிற்று என்று கேட்டபோது ஒப்பந்தம் முடிந்துவிட்டது என்று மட்டும் சொன்னேன். பிறகு சேலத்தில் ஒரு ஜவுளி மொத்தக் கடையில் வேலை கிடைத்தது. இதுவும் ஒப்பந்தம்தான், இதிலும் டேப்தான். இங்கே தவறு நடந்தால் துணி அளவு மாறும், யாரும் சாக மாட்டார்கள். ஆனாலும் புதுப் பதிப்பு எதையாவது ஏற்றுகிற நாளில் எல்லாப் பட்டியலையும் ஒன்றுவிடாமல் திறந்து, ஒவ்வோர் எண்ணையும் வாய்விட்டுப் படித்துப் பார்ப்பேன். பக்கத்து மேசைக்காரர்கள் சிரிப்பார்கள்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாமக்கல் பஸ் ஸ்டாண்டில் அந்தக் கலவைக்காரரைப் பார்த்தேன். மனைவியும் மகளும் கூட இருந்தார்கள். மகள் கையில் ஒரு பை நிறையக் கொய்யா வைத்திருந்தாள். அவர்கள் சேந்தமங்கலம் பஸ் நிற்கும் இடத்தை நோக்கி வந்தார்கள். அந்த வழியில்தான் நான் நின்றுகொண்டிருந்தேன். போய்ப் பேச வேண்டும் என்று எத்தனையோ நாள் நினைத்திருக்கிறேன். என்ன பேச வேண்டும் என்றுகூட ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். ஆனால் நின்றுகொண்டிருந்த ஒரு பஸ்ஸுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். பஸ்ஸுக்கு அடியில் அவர்களுடைய கால்கள் மட்டும் தெரிந்தன. என்னைத் தாண்டி நடந்து போயின. கண்டக்டர் விசில் அடித்து அந்தப் பஸ் கிளம்பிப் போகும் வரை நான் அங்கிருந்து நகரவில்லை.